யார் கையால்?
‘டு லிவ்’ திரைப்படத்தில் அரசியல் புயலும் ஒரு குடும்பமும்

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் பயின்றுவிட்டுத் தேசிய இடைநிலைப்பள்ளியில் கால் வைத்த நம்மில் பலருக்குப் புகுமுக வகுப்பு நினைவிருக்கும். மலாய்மொழியில் போதிய தேர்ச்சி இல்லாதவர்கள் முதலாம் படிவத்திற்குச் செல்லும் முன் ஓராண்டு அமரும் வகுப்பு அது. அங்கே என் பக்கத்து நாற்காலியில் சீனப்பள்ளியிலிருந்து வந்த ஒருத்தி அமர்ந்தாள். அவளுக்கும் மலாய்மொழி தடுமாறும், எனக்கும் தடுமாறும். அந்தத் தடுமாற்றத்திலேயே எங்கள் நட்பு வளர்ந்தது. பல்கலைக்கழகத்திலும் ஒரே விடுதியில் அறைத்தோழிகளானோம்.

இரண்டாம் ஆண்டில் திரைப்படம் பற்றிய ஒரு விருப்பப்பாடத்தை எடுத்திருந்தேன். அரசியல் கொந்தளிப்பு குடும்ப வாழ்க்கையை எவ்வாறு பாதிக்கிறது என்பதை ஏதேனும் ஒரு திரைப்படத்தின் துணைகொண்டு விளக்குக என்பது எங்களுக்குக் கொடுக்கப்பட்ட இடுபணி. எந்தப் படத்தை எடுப்பது என்று விழித்துக்கொண்டிருந்த எனக்கு, என் தோழிதான் தன் மடிக்கணினியில் ‘டு லிவ்’ என்ற சீனப் படத்தைப் போட்டுக் காட்டினாள். அதன் சீனப் பெயர் ‘ஹுவோஜ’. “இதற்கு என்ன பொருள்?” என்று கேட்டேன். “உயிரோடு இருப்பது. நன்றாக வாழ்வது என்றுகூட இல்லை. வெறுமனே உயிரோடு இருப்பது,” என்றாள்.

படம் முடிந்தபோது இருவர் கண்களும் சிவந்திருந்தன. அந்தச் சூட்டிலேயே இரண்டு நாளில் கட்டுரையை எழுதி முடித்தேன். ‘அரசியல் ஒரு குடும்பத்தை அழித்த கதை இது’ என்பது அதன் முதல் வரி. திருத்தி வந்த தாளில் ‘அரசியல்’ என்ற சொல்லின் கீழ் விரிவுரையாளர் கோடிட்டு, ஓரத்தில் மலாய்மொழியில் ஒரு வினாவை எழுதியிருந்தார். தமிழில் சொன்னால் இரண்டே சொற்கள்: “யார் கையால்?”

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு மறுபடியும் படத்தைப் பார்த்தேன். அதன்பின் இன்னொரு முறையும் பார்த்தேன். இக்கட்டுரை அந்த இரு சொற்களுக்கு நான் தேடிய விடை.

படமும் அதன் பின்னணியும்

‘டு லிவ்’ 1994ஆம் ஆண்டு வெளிவந்தது. இயக்கியவர் ஜாங் யிமோ. எழுத்தாளர் யூ ஹுவா அதே பெயரில் எழுதிய நாவலைத் தழுவியது. ஃபூகுவே என்ற நாயகனாகக் கெ யோவும், அவன் மனைவி ஜியாஜென்னாகக் கோங் லீயும் நடித்துள்ளனர். அவ்வாண்டு கான் திரைப்பட விழாவில் நடுவர் குழுவின் பெரும்பரிசை இப்படம் மற்றொரு படத்தோடு பகிர்ந்துகொண்டது. சிறந்த நடிகர் விருது கெ யோவுக்குக் கிடைத்தது. ஆனால், சீனாவில் இப்படத்தைத் திரையிட அனுமதி கிடைக்கவில்லை.

இயக்குநரின் வாழ்க்கையையும் சற்று அறிந்துகொள்வது நல்லது. ஜாங் யிமோ 1950இல் பிறந்தவர். அவருடைய தந்தை, கம்யூனிஸ்டுகளிடம் தோற்றுப்போன கோமிந்தாங் படையில் அதிகாரியாக இருந்தவர். பண்பாட்டுப் புரட்சிக் காலத்தில் ஜாங் யிமோ படிப்பை விட்டுப் பண்ணையிலும் பிறகு நெசவாலையிலும் உழைக்க நேர்ந்தது. 1978இல்தான் பெய்ஜிங் திரைப்படக் கல்லூரியில் இடம் கிடைத்தது. ஆகவே, ஒரு மனிதனின் விதியை அவன் குடும்பத்தின் மீது ஒட்டப்பட்ட முத்திரை எப்படி முடிவு செய்யும் என்பது அவர் நூலில் படித்து அறிந்த செய்தியன்று.

படம் மூன்று பெரும் புயல்களைக் கடந்து செல்கிறது. முதலாவது, 1949இல் கம்யூனிஸ்டுகளின் வெற்றியோடு முடிந்த உள்நாட்டுப் போர். இரண்டாவது, 1958இல் மாவோ தொடங்கிய ‘மாபெரும் பாய்ச்சல்’. எஃகு உற்பத்தியில் மேலைநாடுகளை எட்டிப்பிடிக்க வேண்டுமென்று ஊர்தோறும் உலை வைத்து, வீட்டில் இருந்த இரும்பையெல்லாம் உருக்கினார்கள். சமையலும் பொதுச் சமையற்கூடத்திற்கு மாறியது. மூன்றாவது, 1966 முதல் 1976 வரை நீடித்த பண்பாட்டுப் புரட்சி. பழைய கலைகளும் படித்தவர்களும் புரட்சியின் பகைகளாக அறிவிக்கப்பட்ட காலம் அது.

இவ்வளவு பெரிய வரலாற்றைச் சொல்லும் படத்தில் ஒரு தலைவர்கூடக் கதைமாந்தராக வரவில்லை. மாவோ சுவரில் படமாக மட்டுமே இருக்கிறார். கதையின் பெரும்பகுதி ஒரு சிறு நகரத்துச் சந்துக்குள்ளேயே நடக்கிறது. ‘யார் கையால்?’ என்ற வினாவுக்கு விடையும் அந்தச் சந்துக்குள்தான் இருக்கிறது.

சூதாட்டக் கடனில் தொடங்கும் கதை

ஃபூகுவே செல்வக் குடும்பத்துப் பிள்ளை. இரவெல்லாம் சூதாடுவான். தோற்ற பணத்திற்குக் கணக்குப் புத்தகத்தில் கையெழுத்துப் போடுவதே அவன் வேலை. வயிற்றில் பிள்ளையோடு ஜியாஜென் சூதாட்ட விடுதிக்கே வந்து அழைத்தும் அவன் எழுந்திருக்கவில்லை. அன்றிரவு பரம்பரை வீட்டையே லோங் ஏர் என்பவனிடம் தோற்கிறான். தந்தை இறந்துவிடுகிறார். ஜியாஜென் மகள் ஃபெங்சியாவை அழைத்துக்கொண்டு பிறந்தகம் சென்றுவிடுகிறாள்.

பின்னர் ஆண்குழந்தை யோசிங்கோடு அவள் திரும்பி வருகிறாள். திருந்திய ஃபூகுவே, கடை வைக்கப் பணம் கேட்டு லோங் ஏரிடமே போகிறான். அவனோ பணம் தராமல் நிழற்பாவைகள் அடங்கிய ஒரு மரப்பெட்டியைத் தருகிறான். நம் தோற்பாவைக்கூத்தையும் கிளந்தானின் வாயாங் கூலிட்டையும் போல, தோலில் வெட்டிய உருவங்களைத் திரைக்குப் பின்னால் விளக்கொளியில் ஆட்டும் கலை அது. நாவலில் இந்தப் பாவைக்கூத்து இல்லை, படத்திற்காகச் சேர்க்கப்பட்டது.

ஓரிரவு கூத்து நடந்துகொண்டிருக்கும்போது துப்பாக்கி முனைக்கத்தி ஒன்று வெள்ளைத் திரையைக் கிழித்துக்கொண்டு உள்ளே வருகிறது. கோமிந்தாங் படையினர் ஃபூகுவேயையும் அவன் நண்பன் சுன்ஷெங்கையும் பீரங்கி இழுக்கப் பிடித்துச் செல்கின்றனர். அந்தப் படை தோற்று ஓடியபின் இருவரும் மக்கள் விடுதலைப் படையிடம் சிக்குகிறார்கள். அவர்களுக்கும் பாவைக்கூத்து ஆடிக் காட்டியே பிழைக்கிறார்கள். வாகனம் ஓட்ட வேண்டும் என்பது சுன்ஷெங்கின் வாழ்நாள் கனவு. அவன் அப்படையிலேயே ஓட்டுநனாகத் தங்கிவிடுகிறான். ஃபூகுவே, புரட்சிக்குத் தொண்டு செய்ததாக ஒரு சான்றிதழை வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறான். அதற்குள் அவன் தாய் இறந்துவிட்டாள். கடும் காய்ச்சலில் மகள் ஃபெங்சியா பேச்சிழந்துவிட்டாள்.

இனிமேல்தான் கதையின் பெரிய திருப்பம். சூதில் வீட்டை வென்ற லோங் ஏரை நிலவுடைமையாளன் என்று புதிய அரசு விசாரிக்கிறது. வீட்டை ஒப்படைக்க மறுத்து அவன் அதற்குத் தீ வைக்கிறான். மக்கள் முன்னிலையில் அவனுக்கு மரண தண்டனை விதிக்கப்படுகிறது. ஐந்து துப்பாக்கிக் குண்டுகளின் ஓசை கேட்கிறது. மறைவில் நின்று கேட்ட ஃபூகுவே அச்சத்தால் ஆடையிலேயே சிறுநீர் கழித்துவிட்டு வீட்டுக்கு ஓடுகிறான். அந்த வீட்டைத் தோற்காமல் இருந்திருந்தால் அந்த ஐந்து குண்டுகளும் அவனுக்குரியவை! கணவனும் மனைவியும் பதற்றத்தோடு அந்தச் சான்றிதழைத் தேடி எடுக்கிறார்கள். பிறகு அது சட்டமிடப்பட்டுச் சுவரில் ஏறுகிறது.

ஒருவன் கெட்டது இன்னொரு காலத்தில் நன்மையாகிறது. ஒருவன் வென்றது அவனுக்கே எமனாகிறது. நல்லவன் வாழ்வான், தீயவன் அழிவான் என்று கேட்டு வளர்ந்த நமக்கு இந்தக் கணக்குப் பிடிபடுவதில்லை. படம் நமக்குக் கற்றுத்தரும் முதல் பாடம் இதுதான்: அரசியல் கொந்தளிப்பின்போது குடும்பத்தின் தலைவிதி அதன் ஒழுக்கத்தைப் பொறுத்ததன்று.

அடுக்களைக்குள் நுழையும் அரசியல்

ஓர் அரசியல் இயக்கம் ஒரு வீட்டிற்குள் எவ்வழியாக நுழைகிறது? செய்தித்தாள் வழியாக, வானொலி வழியாக என்று நாம் சொல்லிவிடுவோம். இப்படத்தில் அது இரும்புச் சட்டி வழியாக நுழைகிறது. 1958இல் நகரத் தலைவர் நியூ ஆட்களோடு வந்து வீட்டிலுள்ள இரும்பையெல்லாம் கேட்கிறார். சட்டி போனால் எதில் சமைப்பது? சமைக்கவே வேண்டாம், எல்லாருக்கும் பொதுச் சமையற்கூடம் இருக்கிறதே! சிறுவன் யோசிங் மகிழ்ச்சியோடு ஓடி ஓடி இரும்பு பொறுக்குகிறான். பாவைப்பெட்டியில் இருக்கும் ஆணிகளும் கம்பிகளும்கூடப் பயன்படும் என்று சொல்லிவிடுகிறான். உலையில் வேலை செய்வோருக்குக் கூத்து ஆடி ஊக்கமூட்டலாம் என்ற பேச்சால் பெட்டி தப்புகிறது.

பொதுச் சமையற்கூடத்தில் நடக்கும் ஒரு காட்சி என்னை முதலில் சிரிக்க வைத்தது. பேச முடியாத அக்காளைச் சீண்டிய பையனின் தலையில் யோசிங், மிளகாய் அள்ளிப் போட்ட மீ கிண்ணத்தைக் கவிழ்க்கிறான். இரண்டு குழந்தைகளின் சண்டைதான். ஆனால், அந்தப் பையனின் தந்தை, இது பொதுச் சமையற்கூடத்தைக் கெடுக்கும் சதி என்று கத்துகிறார். ‘சதி’ என்ற சொல் விழுந்ததும் ஃபூகுவேயின் முகம் மாறுகிறது. எல்லாரும் பார்க்க மகனைச் செருப்பால் அடிக்கிறான். அடிப்பது கோபத்தாலன்று, அச்சத்தால்! பிள்ளையின் குறும்புக்குத் தண்டனை தரும் உரிமையைக்கூட ஒரு சொல் தகப்பனிடமிருந்து பறித்துக்கொள்கிறது.

பேச்சும் மாறிவிடுகிறது. எரிந்துபோன அந்த வீட்டின் மரம் நல்ல மரம் என்று நியூ சொல்லும்போது, அது என் வீட்டு மரமன்று, எதிர்ப்புரட்சி மரம் என்கிறான் ஃபூகுவே. தான் பிறந்த வீட்டைப் பற்றி ஒரு மனிதன் இப்படிச் சொல்ல வேண்டியிருக்கிறது. பண்பாட்டுப் புரட்சியின்போது ஃபெங்சியாவுக்குத் திருமணம் நடக்கிறது. மணமக்களுக்கு மாவோவின் படமும் நூலுமே பரிசு. மாப்பிள்ளை அர்சி, தொழிற்சாலைச் செங்காவலர்களின் தலைவன், கால் ஊனமுற்றவன். அவன் ஆட்கள் உன் வீட்டை இடிக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, பெற்றோர் பதறி ஓடுகிறார்கள். போய்ப் பார்த்தால் ஒழுகும் கூரையைச் சரிசெய்து, சுவரில் மாவோவின் உருவத்தை வரைந்துகொண்டிருக்கிறார்கள். செங்காவலன் என்றதும் நமக்குள் எழும் அச்சத்தைக் கிளப்பிவிட்டு, அவன் நல்ல மருமகன் என்று இயக்குநர் காட்டுகிறார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

விபத்தா?

இக்குடும்பம் இரண்டு பிள்ளைகளையும் இழக்கிறது. என் முதல் கட்டுரையில் இரண்டையும் ஒரே வரியில் கடந்து போயிருந்தேன். விரிவுரையாளரின் வினாவுக்குப் பிறகு, ஒவ்வொரு சாவும் யார் யார் கையைத் தாண்டி வந்தது என்று தாளில் எழுதிப் பார்த்தேன்.

முதலில் யோசிங். இரவு பகலாக எஃகு உருக்கும் வேலையில் சிறுவர்களும் தூங்கவில்லை. வட்டாரத் தலைவர் வருகிறார், பிள்ளைகள் எல்லாரும் பள்ளிக்கு வர வேண்டும் என்று செய்தி வருகிறது. பிள்ளை தூங்கட்டும் என்று தாய் தடுக்கிறாள். போகாவிட்டால் நம்மைப் பின்தங்கியவர்கள் என்பார்கள் என்று தகப்பன் அஞ்சுகிறான். தூக்கம் கலையாத மகனை முதுகில் சுமந்துகொண்டு நடக்கிறான். வழியில் ஒரு கதை சொல்கிறான்: நம் குடும்பம் இப்போது ஒரு கோழிக்குஞ்சு. குஞ்சு வளர்ந்து வாத்தாகும், வாத்து ஆடாகும், ஆடு மாடாகும். மாட்டுக்குப் பிறகு? மாட்டுக்குப் பிறகு கம்யூனிசம். அப்போது நாள்தோறும் இறைச்சி சாப்பிடலாம். பள்ளியில் ஒரு சுவரருகே பையன் தூங்கிப் போகிறான். பின்னோக்கி வந்த வட்டாரத் தலைவரின் கார் மோதி அந்தச் சுவர் அவன் மேல் சரிகிறது. அவனுக்காகத் தாய் கட்டிக் கொடுத்த இறைச்சிக் கொழுக்கட்டை திறக்கப்படாமலேயே இருக்கிறது. காரை ஓட்டிய வட்டாரத் தலைவர் யார் தெரியுமா? சுன்ஷெங்! ஃபூகுவேயோடு பீரங்கி இழுத்த அதே நண்பன். வாகனம் ஓட்டக் கனவு கண்டவன்.

அடுத்து ஃபெங்சியா. அவள் பிள்ளைப்பேற்றுக்காக மருத்துவமனை செல்லும்போது அங்கே மருத்துவர்களே இல்லை. எல்லாரும் பிற்போக்கு அறிஞர்கள் என்று அடைத்து வைக்கப்பட்டுள்ளனர். பொறுப்பில் இருப்பவர்கள் செங்காவல் மாணவிகள். அர்சி தன் செல்வாக்கைப் பயன்படுத்தி ஒரு பேராசிரியரை வெளியே அழைத்து வருகிறான். கழுத்தில் பலகை தொங்க வந்த அவர் மூன்று நாளாகப் பட்டினி. ஃபூகுவே இரக்கப்பட்டு அவருக்கு ஏழு மந்தோ வாங்கித் தருகிறான். மந்தோ என்பது நம்மூர்ப் பாவ் போன்றது. உள்ளே எதுவும் வைக்காத வெறும் மாவு. பசிக் கொடுமையில் ஏழையும் விழுங்கிய பேராசிரியர் மேலே தண்ணீரும் குடிக்க, வயிறு உப்பி மூச்சுவிட முடியாமல் கிடக்கிறார். ஆண்குழந்தை பிறக்கிறது, எல்லாரும் மகிழ்கிறார்கள். அடுத்த நொடி தாய்க்குக் குருதிப்பெருக்கு. மாணவிகளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தெரிந்தவரால் எழ முடியவில்லை. ஃபெங்சியா இறக்கிறாள்.

இவை வெறும் விபத்துகள்தாமே, அரசியலை ஏன் குறைசொல்ல வேண்டும் என்று ஒருவர் கேட்கலாம். ஆனால், சிறுவர்கள் ஏன் தூங்கவில்லை? மருத்துவர் ஏன் பட்டினி கிடந்தார்? அந்த வினாக்களுக்கு ‘விபத்து’ என்ற சொல் விடையாகாது. தலைநகரில் எடுக்கப்பட்ட முடிவு ஒன்று படிப்படியாக இறங்கி வந்து, ஒரு சுவரருகே தூக்கமாகவும் ஒரு மேசை மேல் ஏழு மந்தோவாகவும் நிற்கிறது.

அதே வேளையில், கடைசிக் கை யாருடையது என்று பாருங்கள். மகனைச் சுமந்து சென்றது தகப்பனின் முதுகு. மோதியது நண்பனின் கார். மருத்துவருக்கு உணவு தந்ததும் அதே தகப்பனின் கை. மருத்துவர்களை அடைத்து வைத்த செங்காவலர் கூட்டத்தில் ஒருவன்தான் அன்பான மருமகன். இப்படத்தில் வில்லனைத் தேடினால் கிடைக்க மாட்டான். எல்லாருமே நல்லவர்கள், எல்லார் கையிலும் அழுக்கு இருக்கிறது. எந்தப் புயலும் முகமில்லாமல் வீட்டுக்குள் வருவதில்லை. நமக்கு வேண்டியவர்களின் முகத்தை இரவல் வாங்கிக்கொண்டுதான் வருகிறது. புயல் போன பின்பும் அந்த முகம் அதே சந்தில், அதே ஊரில் இருக்கும். அதனோடு எப்படி வாழ்வது?

வாசலில் நின்ற நண்பன்

படத்தின் உயிர் இந்த வினாவில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. மகனின் அடக்கத்தின்போது சுன்ஷெங்கைக் கண்ட ஜியாஜென், நீ எங்களுக்கு ஓர் உயிர் கடன்பட்டிருக்கிறாய் என்று கத்துகிறாள். அதன்பின் பல ஆண்டுகள் அவன் முகத்தில் விழிக்கவே மறுக்கிறாள். ஃபெங்சியாவின் திருமணத்திற்கு அவன் பரிசோடு வந்தபோதும் வெளியே வரவில்லை.

பண்பாட்டுப் புரட்சியில் சுன்ஷெங்கும் வீழ்கிறான். ‘முதலாளித்துவப் பாதையில் செல்பவன்’ என்று முத்திரை குத்தப்படுகிறான். அவனோடு தொடர்பை அறுத்துக்கொள்ளுங்கள் என்று மற்றவர்கள் அறிவுறுத்துகிறார்கள். (சொன்ன நகரத் தலைவர் நியூவுக்கும் பின்னர் அதே முத்திரை கிடைக்கிறது!) ஓரிரவு அவன் ஃபூகுவேயின் வாசலுக்கு வருகிறான். மனைவி தற்கொலை செய்துகொண்டாள். தனக்கும் வாழ விருப்பமில்லை என்கிறான். சேர்த்து வைத்த பணத்தைக் கொடுத்துவிட்டுப் போகப் பார்க்கிறான். அப்போது உள்ளிருந்து ஜியாஜென் வருகிறாள். வெளியே குளிராக இருக்கிறது, உள்ளே வா என்கிறாள். இருட்டில் அவன் திரும்பி நடக்கும்போது, நீ எங்களுக்கு ஓர் உயிர் கடன்பட்டிருக்கிறாய், அதை மறக்காதே, நீ வாழ வேண்டும் என்ற பொருள்படச் சொல்கிறாள்.

முதன்முறை பார்த்தபோது, அவள் அவனை மன்னித்துவிட்டாள் என்று எழுதினேன். மூன்றாம் முறை பார்த்தபோது அது தவறு எனப் புரிந்தது. அவள் கடனைத் தள்ளுபடி செய்யவில்லை. முன்பு சொன்ன அதே வாக்கியத்தைத்தான் திருப்பிச் சொல்கிறாள். கடனை அடைக்கும் வழியை மட்டும் மாற்றுகிறாள். செத்து அடைக்காதே, வாழ்ந்து அடை! படத்தின் தொடக்கத்தில் சூதாட்டக் கடனால் ஒரு குடும்பம் கெட்டது. இங்கே ஒரு கடன் ஒரு மனிதனைச் சாகவிடாமல் தடுக்கிறது. ‘உயிரோடு இருப்பது’ என்ற தலைப்பின் முழுப்பொருள் எனக்கு இங்கேதான் விளங்கியது.

படம் சொல்லாமல் விட்டவை

பாராட்டோடு நிறுத்திவிட்டால் அது திறனாய்வாகாது. மாபெரும் பாய்ச்சலின் விளைவாக 1959 முதல் 1961 வரை சீனாவில் கொடும்பஞ்சம் நிலவியது. மாண்டவர்கள் ஒன்றரைக் கோடி முதல் நான்கரைக் கோடி வரை இருக்கலாம் என ஆய்வாளர்கள் பலவாறு மதிப்பிடுகின்றனர். படமோ 1958இன் நிறைந்த கிண்ணங்களைக் காட்டிவிட்டு அப்படியே பண்பாட்டுப் புரட்சிக்குத் தாவிவிடுகிறது. நாவலில் வரும் பஞ்சம் படத்தில் இல்லை. அந்தப் பேராசிரியரின் பசியைத் தவிர, அவ்வளவு பெரிய பசிக்குப் படத்தில் இடமில்லாமல் போனது ஒரு குறையே.

முடிவும் மாற்றப்பட்டுள்ளது. நாவலில் ஃபூகுவே மனைவி, மகன், மகள், மருமகன், பேரன் என்று அனைவரையும் இழந்து, ஒரு கிழட்டு மாட்டோடு தனித்து நிற்கிறான். படத்தில் மனைவியும் மருமகனும் பேரனும் எஞ்சுகிறார்கள். பேரனின் செல்லப்பெயர் மந்தோ! இறுதிக் காட்சியில் அவனுக்குக் கோழிக்குஞ்சுகள் வாங்கி வருகிறார்கள். அவற்றை எங்கே வைப்பது? கட்டிலடியில் கிடந்த பாவைப்பெட்டியில். உள்ளிருந்த பாவைகள் பண்பாட்டுப் புரட்சியில் பழமைச் சின்னங்கள் என்று எரிக்கப்பட்டுவிட்டன. பெட்டி மட்டும் மிச்சம். தாத்தா பழைய கதையைத் தொடங்குகிறார்: குஞ்சு வாத்தாகும், வாத்து ஆடாகும், ஆடு மாடாகும். மாட்டுக்குப் பிறகு? இம்முறை கம்யூனிசம் என்ற விடை வரவில்லை. மந்தோ பெரியவனாவான் என்று பாட்டி சொல்கிறாள்.

இந்த முடிவு இயக்குநர் தந்த எளிய ஆறுதல் என்று சிலர் கருதலாம். நான் அப்படிக் கருதவில்லை. ஒரு சொல்லை விட்டுவிடுவதற்கு அந்தக் குடும்பம் கொடுத்த விலை இரண்டு பிள்ளைகள்.

பாட்டியிடம் சொன்ன கதை

தீபாவளி விடுமுறைக்கு வீடு திரும்பியபோது இக்கதையைப் பாட்டியிடம் தமிழில் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார். சுன்ஷெங் வாசலுக்கு வந்த இடத்தில் அவர் கை நின்றது.

பாட்டியின் அப்பாவை ஜப்பானியர் காலத்தில் சயாம் ரயில்பாதை போடப் பிடித்துச் சென்றார்கள் என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். தாய்லாந்தையும் பர்மாவையும் இணைத்து 415 கிலோமீட்டர் நீளத்திற்கு 1942, 1943ஆம் ஆண்டுகளில் போடப்பட்ட பாதை அது. மலாயாத் தோட்டங்களிலிருந்து போன பல்லாயிரம் தமிழர்கள் திரும்பவில்லை. பாட்டியின் அப்பாவும் திரும்பவில்லை. அப்போது பாட்டிக்கு வயது மூன்று. இதுவரை நான் கேட்டிருந்தது, ‘ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போனான்’ என்ற ஒரே வாக்கியம்தான். அன்று நான் பாட்டியிடம், தோட்டத்தில் ஆள்களின் பெயரை எழுதிக் கொடுத்தது யார் என்று கேட்டேன்.

“கிராணிதான். வேற யாரு?” என்றார். அந்தக் கிராணி குடும்பம் எங்களுக்குத் தெரிந்த குடும்பம். அவர்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கு நாங்கள் போகிறோம். எங்கள் வீட்டுக்கு அவர்கள் வருகிறார்கள்.

“ஏன் பாட்டி ஒருநாள்கூட இதச் சொல்லல?”

“சொல்லி என்னா ஆவப் போவுது கண்ணு? அவரும் என்னா செய்வாரு. எழுதலன்னா அவர ஏத்திட்டுப் போயிருப்பானுங்க. அரிசியே கெடைக்காத காலம். மாசத்துக்கு ஒரு மங்கு அரிசி அனுப்புவாராம். பச்சப் புள்ளைங்க பசியில கெடக்கும்போது எங்கம்மா என்னா வேணாம்னா சொல்ல முடியும்? வாங்கிக்குவாங்க. ஆனா சாவுற வரைக்கும் அந்த மனுசன்கூட ஒரு வார்த்த பேசல.”

இவ்வளவு சொல்லிவிட்டு மீண்டும் வெங்காயத்தை உரிக்கத் தொடங்கினார்.

எனக்குச் சட்டெனப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஜியாஜென் கதவைத் திறந்தாள். என் கொள்ளுப்பாட்டி அரிசியை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டார். இருவரில் யார் செய்தது சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. இரு வீட்டிலும் ‘மன்னிப்பு’ என்ற சொல் ஒலிக்கவில்லை என்பதை மட்டும் சொல்வேன். அந்த ஒரு மங்கு அரிசியில் வளர்ந்த குழந்தைதான் என் பாட்டி. அவர் வளர்ந்ததால்தான் நான் இக்கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நிறைவாக

திருத்திய கட்டுரையில் முதல் வரியை மாற்றினேன்: ‘அறிமுகமான கைகளின் வழியாக வந்த புயலைத் தாண்டி, அந்தக் கைகளோடேயே வாழ்ந்த ஒரு குடும்பத்தின் கதை இது.’ விரிவுரையாளர் இம்முறை எங்கும் கோடிடவில்லை.

ஒரு திரைப்படத்தை எப்படிப் படிப்பது என்று கேட்கும் தம்பி தங்கையருக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். படத்தில் ‘அரசியல்’, ‘சமுதாயம்’, ‘விதி’ என்று எழுதத் தோன்றும் இடத்திலெல்லாம் ஒரு கணம் நில்லுங்கள். அந்தச் சொல்லுக்குப் பின்னால் எந்தப் பொருள் இருக்கிறது, யார் கை இருக்கிறது என்று பாருங்கள். சட்டியா, மீ கிண்ணமா, காரா, மந்தோவா என்று பாருங்கள். பெரிய சொற்கள் நம் கண்ணை மறைக்கின்றன. சிறிய பொருள்கள் உண்மையைச் சொல்லிவிடுகின்றன.

அடுத்த முறை வீட்டுக்குப் போகும்போது உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் ஒரு வினாவைக் கேளுங்கள். ‘என்ன நடந்தது?’ என்று கேட்டால் நாம் பலமுறை கேட்ட அதே ஒரு வரிதான் கிடைக்கும். ‘யார்?’ என்று கேட்டுப் பாருங்கள். அவர்கள் சொல்லாமலும் போகலாம். அந்தக் கிராணி வீட்டில் அடுத்த மாதம் ஒரு திருமணம். பாட்டி என்னையும் வரச் சொல்லியிருக்கிறார், போவதாக இருக்கிறேன்.